நிற்க அனுமதி இல்லாத வண்டி

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு நேரத்தில் அந்த வெள்ளைக் கரவன் வண்டி வந்து பெரட்டுக்களத்தைச் சுற்றத் தொடங்கியது. நிற்கவில்லை. கோயில் தேர்கூட நாலு மூலையில் நின்று தேங்காய் வாங்கிக்கொள்ளும். இது நிற்கவே இல்லை. ஜன்னலுக்குத் திரை, பின்பக்கம் ஏறுவதற்கு மடக்குப் படி, கூரையில் கவிழ்த்து வைத்த தாச்சிச் சட்டி மாதிரி ஒரு வெள்ளை வட்டம். பக்கவாட்டில் பெரிய படம் ஒன்று: தலையில் கூடை மாட்டிய பெண் ஒருத்தி ஒரு கையில் தேயிலைக் கொழுந்தும் மறு கையில் போனுமாகச் சிரிக்கிறாள். இரண்டு கையாலும் கிள்ளியும் நாளுக்குக் கேட்கும் கிலோ சேராத எங்கள் பெண்கள், வண்டி சுற்றி வரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு யார் கணக்கப்பிள்ளை என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசையாக இருந்தது.

வண்டி எதற்கு வந்தது என்பதில் ஒற்றுமை இல்லை. இரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றார் பொன்னையா மாமா. இல்லை, ஆள் கணக்கெடுத்துவிட்டு நாங்கள் குடியிருக்கும் லயத்தை உடைத்து ஹோட்டல் கட்டப்போகிறார்கள் என்றார் இன்னொருவர். தேர்தல் வருகிறதா என்று ஒருத்தி விசாரித்தாள். என் அம்மா நாகலெட்சுமி படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே, "வெள்ளையா ஒன்னு தோட்டத்துக்குள்ள வந்து நமக்கு நல்லது நடந்ததா எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள்.

அப்போது வண்டிக்குள்ளிருந்து ஒலிபெருக்கி பேசியது.

"அன்பான தோட்ட மக்களே, இவ்வளவு காலமும் நீங்கள் உலகத்தோட தொடர்பில்லாமல்..."

வண்டி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் போய்விட்டது. நாங்கள் காத்திருந்தோம். மறுபக்கத்தால் வந்தது.

"...ஆகவே எங்கட சபை உங்களுக்கு இணைப்புத் தாறம் எண்டு சொல்லியிருக்கு. நீங்கள் இணைவீங்கள் எண்டு நாங்கள் ஒரு நாளும் வாக்குறுதி..."

மறுபடியும் பிள்ளைக் காம்பரா. இப்படி ஏழெட்டுச் சுற்றில் பேச்சு முடிந்தது. எந்தச் சுற்றில் கை தட்ட வேண்டும் என்று தெரியாமல் ஆட்கள் கடைசிவரை தட்டவில்லை. உலகத்தோடு தொடர்பில்லை என்று சொன்னதில்தான் பொன்னையா மாமாவுக்கு வருத்தம். அவர் மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். எங்கள் லயத்தில் கொழும்புக் கடைகளில் பிள்ளை இல்லாத வீடு கிடையாது. தொடர்பு நிறைய இருக்கிறது. சிக்னல்தான் இல்லை.

கூட்டத்தில் எனக்கு மட்டும் அந்த வண்டி ஏன் வந்தது என்று தெரியும். தெரிந்ததால் மற்றவர்களைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டேன்.

பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. தலவாக்கலையில் ஒரு போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டுகிறேன். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், கண்ணாடி ஒட்டுவதற்கு எத்தனை வருடம் படிக்க வேண்டும் என்று ஆட்கள் அம்மாவிடம் விசாரிப்பதுண்டு. இப்படி இருக்கையில்தான் மலைநாட்டு இணைய இணைப்புச் சபை என்ற ஒன்று, தோட்ட இணைப்பு உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டது. நிரந்தர வேலை. நான் எழுதிப் போட்டேன். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நேர்முகப் பரீட்சை என்று பதில் வந்தது. கூடவே நிபந்தனைகள்.

நேர்முகம் இணையத்தில் மட்டுமே நடக்கும். கொழும்புக்கு நேரில் வருபவர்கள் இணைப்பில் நம்பிக்கை அற்றவர்களாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படுவார்கள். விண்ணப்பதாரி இணைய வசதியற்ற தமது வதிவிடத்திலிருந்தே தோன்ற வேண்டும். கடையில் உட்கார்ந்து தோன்றிவிடலாம் என்று நினைத்தேன். நடக்காது, ஆள் எங்கே இருக்கிறாள் என்பதைச் சபை பார்த்துவிடுமாம். டவுனில் இருந்தால் இணைய வசதி உள்ளவள், வேலைக்குத் தகுதியில்லை. லயத்தில் இருந்தால் வசதி இல்லாதவள், தகுதி உண்டு, ஆனால் நேர்முகத்துக்கு வர வழியில்லை. சபைக்குப் போன் போட்டு இதைக் கேட்டபோது ஒரு பெண் மிகவும் அன்பாக, அதற்காகத்தானே மிஸ் கரவன் அனுப்புகிறோம் என்றாள்.

எங்கள் டிவிஷனில் சிக்னல் வருவது ஒரே ஓர் இடத்தில். லயத்துக்கு மேலே, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் ரோடு வளைகிற இடம். அங்கே நின்றால் எதிர்மலை டவர் தெரியும். போனில் ஒரு கோடு வரும். கொரோனா காலத்தில் பிள்ளைகள் அங்கேதான் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் படித்தார்கள். ஒரு கோட்டில் எழுத்து வரும், முகம் வராது. கரவனின் கூரையில் இருக்கும் வட்டம் அந்த ஒரு கோட்டைப் பிடித்து நிறையக் கோடாக்கிக் கொடுக்கும் என்று சபை சொல்லியிருந்தது. அது பொய்யில்லை என்று பிறகு கண்டேன். சபை சொன்னதில் பொய்யில்லாமல் போனது அது ஒன்றுதான்.

அந்த வளைவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மடுவத்தில் நிறுவை நடக்கும்போது கொழுந்து ட்ரக்டரை ரோட்டுக்குக் குறுக்கேதான் போடுவார்கள். வேறு இடம் கிடையாது, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். கடைசிச் சாக்கு ஏறும்வரை தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் ஜீப் என்றாலும் காத்திருக்கும். பிரேத வண்டி ஒன்று காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் படுத்திருந்தவர் உட்பட யாரும் குறை சொல்லவில்லை.

பெரட்டுக் கலைந்ததும் கரவனின் பின்னால் ஓடினேன். அது நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். கழுத்தில் நீலப் பட்டி தொங்க ஓர் ஐயா கதவைத் திறந்தார். பெயர் கனகலிங்கம், சபையின் பிரதி இணைப்பதிகாரி, ஊர் யாழ்ப்பாணம். அவர் படியில் நின்றபடியும் நான் ரோட்டில் நடந்தபடியும் பேசினோம். வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். சபையின் கரவனில் இருந்து சபையின் நேர்முகத்துக்கு ஒரு தோட்டப் பிள்ளை தோன்றுவது சரித்திரத்தில் முதல் தடவை, படம் எடுத்து அறிக்கையில் போட வேண்டும் என்றார்.

வண்டியை வளைவில் ஓர் அரை மணி நேரம் நிறுத்துவீர்களா என்று கேட்டேன்.

"நிப்பாட்டேலாது பிள்ளை."

"ஏன் சேர்?"

அவர் பொறுமையாக விளக்கினார். வண்டி சபையுடையது, ஆனால் ரோடு தோட்டத்துடையது, ரோட்டின் இரு பக்கமும் தோட்டத்துடையது. சபையும் தோட்டக் கம்பெனியும் எட்டு மாதம் பேசி ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். கரவன் தோட்டத்தின் ஊடாகக் கடந்து போகலாம், தரிக்கக் கூடாது. சில்லு உருளுமட்டும் அது வாகனம். நின்றால் சிக்கல்.

"நிண்டா என்ன எண்டு கேளும். இதுக்குள்ள அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, மேல கூரை இருக்கு. இப்பிடி ஒண்டு தோட்டக் காணியில தரிச்சு நிண்டா நாளைக்கு அதை வீடு எண்டு சொல்லுவினம். வீடு எண்டா முகவரி கேப்பினம். முகவரி குடுத்தா காணி கேப்பினம். கம்பெனிக்கு அந்தப் பயம் இருக்குத்தானே."

"எங்க பூட்டன் காலத்தில இருந்து அடுப்பும் கட்டிலும் கூரையும் வச்சிக்கிட்டுத்தானே சேர் இருக்கோம். எங்களுக்குக் காணி குடுத்திட்டாங்களா?"

"அதுதான் சொல்லுறன். அந்தப் பிழையை ரெண்டாந்தரம் விடக்கூடாது எண்டு கம்பெனி கவனமா இருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கேலியும் இல்லை. எனக்கு மூச்சு வாங்கியது. ஏற்றம் வேறு. வேண்டுமானால் வண்டியை நிறுத்த விசேஷ அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று போகிற போக்கில் சொன்னார். எப்படி என்று கேட்டேன். இணையத்தில் என்றார்.

புதன்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வண்டி எப்படித்தான் வேலை செய்கிறது என்று பார்க்க ஏறினேன். ஓடும்போதே ஏற வேண்டும். உள்ளே போனால் வீடுதான். கை கழுவும் தொட்டி, அலுமாரி, மெத்தை போட்ட கட்டில், சுவரில் கடற்கரைப் படம். வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்துச் சுற்றிப் பார்க்கவென்று இறக்கிய வண்டியாம். யாரும் எடுக்கவில்லை. சும்மா நின்றதைச் சபையின் தலையில் கட்டி, அதற்கு ஒரு திட்டமும் எழுதியிருக்கிறார்கள். வண்டி முதலில் வந்தது, எங்கள் தேவை பிறகு வந்தது. ஓட்டியவர் கினிகத்தேனைப் பக்கத்து ஆள், ஜயதிஸ்ஸ. கனகலிங்கம் சேரோடு சிங்களத்திலும், எங்களோடு தமிழிலும், வண்டியோடு கெட்ட வார்த்தையிலும் பேசினார்.

வண்டி ஃபெக்டரிச் சந்தியில் திரும்பி, மேலே மடுவத்து வளைவைக் கடந்து, மாடசாமி கோயிலடியில் திரும்பி, மறுபடி வளைவைக் கடந்து கீழே வரும். இதுதான் சுற்று. வளைவுக்கு வரும்போது கூரையில் இருக்கும் வட்டம் 'டிக்' என்கிறது, சுவரில் பச்சை விளக்கு எரிகிறது, இணைப்பு வருகிறது. சும்மா சொல்லக் கூடாது, கண்ணாடி மாதிரி வருகிறது. வளைவு முடிந்ததும் சிவப்பு. இடையில் கிடைப்பது ஒரு கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம்.

அன்றைக்குப் பொன்னையா மாமாவுக்கு வைத்தியலீவு. மகளோடு பேச ஏறியிருந்தார். இரத்தம் எடுப்பார்கள் என்ற சந்தேகம் தீராததால் முழுக்கைச் சட்டை போட்டுப் பித்தானைப் பூட்டியிருந்தார். முதல் வளைவில் திரையில் மகள் முகம் வந்தது. "ஹலோ" என்றார். சிவப்பு. கோயிலடி போய் வந்து இரண்டாவது தடவை, மகள் "அப்பா" என்றாள். சிவப்பு. மூன்றாவதில் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான்காவதில் அவள் அழத் தொடங்கினாள். ஏன் அழுகிறாள் என்று கேட்பதற்கு அவர் ஃபெக்டரிச் சந்தி வரை போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. அந்தச் சுற்று முழுக்க மாமா முன் சீட்டின் கம்பியை விடவில்லை. ஜயதிஸ்ஸ கேட்காமலே வேகமாக ஓட்டினார். ஐந்தாவது வளைவில் தெரிந்தது, அவளுக்கு ஒன்றுமில்லை, அப்பா இளைத்துப்போனதைப் பார்த்து அழுதாளாம்.

கனகலிங்கம் சேர் ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் கையில் இருந்த சின்னத் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். என்ன சேர் என்றேன். இணைப்புகளை எண்ணுகிறாராம். மாமா பேசியது ஒரே ஆளோடுதானே, ஒன்றுதானே என்றேன். இல்லை, ஒவ்வொரு தடவை பச்சை எரிவதும் ஓர் இணைப்பு. மாமா ஒருவரே ஐந்து இணைப்பு. இந்தக் கணக்கில் ஒரே நாளில் எங்கள் டிவிஷனின் சனத்தொகையைத் தாண்டிவிடலாம்.

"அப்ப வெட்டுப்படாம ஒழுங்கா வேலை செஞ்சா?"

அவர் என்னை முதல் தடவையாகச் சந்தேகமாகப் பார்த்தார்.

"வெட்டுப்படாட்டி எண்ணிக்கை எப்பிடிப் பிள்ளை ஏறும்?"

அந்த நேரம் அவருடைய சொந்தப் போன் அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி. "சாப்பிட்டனீங்களோ" என்ற ஒரு சொல் வெளியே கேட்டது, வளைவு முடிந்துவிட்டது. அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரோகினிக்கு அடுத்த சுற்றில் பதில் சொல்லலாம் என்றார். அவருக்கும் பழகிவிட்டது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இறங்குவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். நேர்முகத்தில் வெட்டுப்பட்டால் என்ன ஆகும்? விண்ணப்பதாரி தோன்றவில்லை என்று பதிவாகும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஆறுதலாக, ஆனால் எங்கள் பக்கத்தில் நீர் ஓர் இணைப்பாகப் பதிவாவீர் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சபையையும் கம்பெனியையும் கனகலிங்கத்தையும் தனித்தனியாகத் திட்டினேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இடையில் கேட்டது இவ்வளவுதான்.

"எத்தன மணிக்குடி?"

"பன்னெண்டுக்கு."

"அந்த மடுவத்து மொடக்குல நின்னா போதுமா?"

"நிக்க மாட்டாங்கம்மா. அதத்தானே இவ்வளவு நேரமா சொல்றேன்."

"எவ்வளவு நேரம் பேசுவாங்க?"

அரை மணி நேரத்துக்குக் குறையாது என்றேன். அம்மா ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். சாறியை இப்போதே மடித்து வை, காலையில் தேடாதே என்றாள். பிறகு பக்கத்துக் காம்பராவுக்கு உப்பு வாங்கப் போனாள். உப்பு வாங்கப் போனவள் லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் போய்விட்டு வந்தாள். எங்கள் வீட்டில் உப்பு இருந்தது.

வியாழக்கிழமை வானம் நல்ல மப்பு, மழை மட்டும் இல்லை. பதினொன்றே முக்காலுக்கு ஃபெக்டரிச் சந்தியில் சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினேன். கனகலிங்கம் சேர் டை கட்டி வந்திருந்தார். என்னைக் கடற்கரைப் படத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். அது வேண்டாம் சேர், மலையில் இருக்கிறேன் என்றல்லவா விண்ணப்பித்திருக்கிறேன் என்றேன். கடலைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். வண்டி ஏறியது. வளைவில் 'டிக்' என்றது. பச்சை. திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் சபைத் தலைவர். இரு பக்கமும் அவர் சொல்வதற்குத் தலையாட்ட ஒவ்வொருவர்.

"வணக்கம் செல்வி நிஷாந்தி" என்றார் தலைவர்.

நான் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தபோது ஜயதிஸ்ஸ பிரேக் போட்டார். நெற்றி மேசையில் இடித்தது. வண்டி நின்றது. முன்னால் கொழுந்து ட்ரக்டர் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது.

பகல் நிறுவை. சாதாரண நாளில் அது சட்டென்று முடிகிற காரியம். கணக்கப்பிள்ளை அழகன் ஐயா சாக்கைத் தராசில் கொளுவுவார், ஒரு கிலோவைச் சொல்வார், அதில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கொஞ்சம் வெட்டுவார், ஆள் நகர வேண்டும். யாரும் வாய் திறப்பதில்லை. வாய் திறந்தவளுக்கு மறுநாள் அட்டைக்காட்டு மலையில்தான் வேலை. என் அம்மா இருபது வருடமாக அந்தத் தராசுக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்குப் பேசினாள். திரையை விலக்கிப் பார்த்தேன். அம்மாதான் முதல் ஆள்.

"ஐயா, எங்க ஈரம்? கைய விட்டுப் பாருங்க. காலையில இருந்து மழ ஒரு சொட்டு இல்ல. ஈரம்னு எதுக்கு வெட்றீங்க?"

அழகன் ஐயாவுக்குக் காதில் விழுந்தது என்ன என்று புரியச் சற்று நேரமானது. எப்போதும் வெட்டுவதுதானே என்றார். எப்போதும் ஏன் வெட்டுகிறீர்கள் என்று அம்மாவுக்குப் பின்னால் நின்றவள் கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவள், சாக்கை மட்டும் நிறுத்துக் காட்டுங்கள், அது எத்தனை கிலோ என்று எங்களுக்கும் தெரியட்டும் என்றாள். வெறும் சாக்கை நிறுக்க வேண்டுமென்றால் கொழுந்தைக் கொட்ட வேண்டும். படங்கை விரித்து ரோட்டில் கொட்டினார்கள். ஒருத்தியின் கொழுந்து முடிந்தபின் அடுத்தவளின் கொழுந்து.

உள்ளே தலைவர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"உங்கள் பிரதேசத்தில் இணைய வசதி இல்லை என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எமக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறீர்கள். இதை எவ்வாறு விளக்குவீர்கள்?"

இரு பக்கமும் தலையாட்டினார்கள். நான் சபையின் கரவனில் இருந்து பேசுகிறேன் என்றேன். அப்படியானால் கரவன் வெற்றி என்று ஏற்றுக்கொள்கிறீர்களா என்றார். ஆம் என்றால் எங்களுக்கு இணைப்பு இருக்கிறது, உதவியாளர் தேவையில்லை. இல்லை என்றால் சபையையே குறை சொல்கிறேன். கரவன் வெற்றிதான் சேர், நிற்கும்போது மட்டும் என்றேன். தலைவரின் கண் சுருங்கியது. கரவன் நிற்கிறதா என்று கேட்டார்.

கனகலிங்கம் சேருக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பும் கட்டிலும் கூரையும் உள்ள ஒன்று தோட்டக் காணியில் தரித்து நிற்கிறது. பின்னால் எடு என்றார். பின்னால் ஒரு லொறி வந்து நின்றுவிட்டது. முன்னால் ட்ரக்டருக்கும் வண்டிக்கும் நடுவில் பெண்கள் சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் யோசித்து, ஜயதிஸ்ஸவின் காதில் ஏதோ சொன்னார். ஜயதிஸ்ஸ அவரை ஒரு நீண்ட பார்வை பார்த்தார். பிறகு வண்டியை ஓர் அடி முன்னே விட்டார். ஓர் அடி பின்னே எடுத்தார். முன்னே. பின்னே. சில்லு உருளுமட்டும் அது வாகனம்.

"நீங்கள் ஏன் ஆடுகிறீர்கள்?" என்றார் தலைவர்.

"வண்டி ஓடுது சேர்."

"நிற்கிறது என்றீர்களே."

"நின்னுக்கிட்டே ஓடுது சேர். ஒப்பந்தம் அப்பிடி."

தலைவர் இடப்பக்கத்தவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். கேள்விகள் தொடர்ந்தன. இணைப்பு என்றால் என்ன என்று வரைவிலக்கணம் கேட்டார்கள். தோட்ட மக்களுக்கு இணையத்தில் ஏன் ஆர்வம் இல்லை என்று கேட்டார்கள். நான் ஓர் அடி முன்னாலும் ஓர் அடி பின்னாலும் போய்க்கொண்டே பதில் சொன்னேன். ஒரு தடவையும் வெட்டுப்படவில்லை. பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. கனகலிங்கம் சேர் கையில் இருந்த திரையில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே சத்தம் ஏறியது. பொன்னையா மாமா தராசே சரியில்லை, ஃபெக்டரித் தராசைக் கொண்டுவா என்று நின்றார். அவர் கொழுந்து எடுக்கிறவரே இல்லை, செடி கவ்வாத்து வெட்டுகிறவர். உனக்கு இங்கே என்ன வேலை என்று அழகன் ஐயா கத்தினார். நான் பொதுவான ஆளாக வந்தேன் என்றார் மாமா.

"செல்வி நிஷாந்தி, உங்களுக்குப் பின்னால் அது என்ன சத்தம்?"

"கொழுந்து நிறுக்கிறாங்க சேர்."

"இது உத்தியோகபூர்வ நேர்முகம். அவர்களை அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்."

"அவங்க அமைதியானா நான் வெட்டுப்பட்டுருவேன் சேர்."

தலைவர் இதைக் குறித்துக்கொண்டார். என்னவென்று குறித்தார் என்று தெரியவில்லை. கடைசியாக, உங்களிடம் ஏதாவது கேள்வி உண்டா என்று மரபுப்படி கேட்டார். கரவன் எப்போதாவது எங்கேயாவது நிற்குமா என்று கேட்டேன். அது கொள்கை சம்பந்தப்பட்ட விடயம், நேர்முகத்துக்கு அப்பாற்பட்டது என்றார். திரை இருண்டது.

நான் ஜன்னல் திரையை முழுக்க விலக்கினேன். நாங்கள் ஒன்றும் பேசிவைத்திருக்கவில்லை. அம்மா அழகன் ஐயாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்தாள். விரலை மடக்கினாள்.

"சரிங்கய்யா. நீங்க வெட்டினதே இருக்கட்டும்."

அவ்வளவுதான். ரோட்டில் கிடந்த கொழுந்தை அள்ளினார்கள். சாக்குகள் ட்ரக்டரில் ஏறின. அழகன் ஐயா தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சண்டையைவிட அது முடிந்த விதம்தான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். கரவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஜயதிஸ்ஸ முன்னே பின்னே ஆட்டுவதை விட்டுவிட்டு ஒரேயடியாக முன்னே எடுத்தார். நான் இறங்கும்போது கண்ணாடியில் பார்த்து, "நல்ல சண்டை நங்கி" என்று, தங்கச்சிக்கு மட்டும் சிங்களத்தைப் போட்டுச் சொன்னார்.

அன்று பின்னேரம் அழகன் ஐயா கணக்குத் தீர்த்தார். பகலில் வாய் திறந்த எல்லோருக்கும் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றவர்களுக்கு அரை நாள் கூலி. அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் பேசிக்கொண்டது இடையில் அடித்த தகரத்துக்கு மேலால் கேட்டது. வேலை மட்டும் கிடைக்கட்டும், எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடலாம் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் கடையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் புறப்பட்டு வந்தேன். முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்றிருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று படிக்க வேண்டும் என்று ஆசை. மடுவத்து வளைவில் போனைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கோடு வந்தது. செய்தி வந்தது.

விண்ணப்பதாரி தடங்கலின்றி முழு நேரமும் தோன்றியமையால், அவரது வதிவிடப் பிரிவு இணைக்கப்பட்ட பிரிவாகச் சபையால் உறுதிசெய்யப்படுகிறது. ஆகவே அப்பிரிவுக்கு உதவியாளர் பதவி அவசியமற்றது. கரவன் திங்கள் முதல் நல்லதண்ணிப் பக்கம் செல்லும். தங்களது ஒத்துழைப்புக்கு நன்றி.

இரண்டாம் தடவையும் படித்தேன். வெட்டுப்பட்டிருந்தால் தோன்றவில்லை என்று தள்ளியிருப்பார்கள். வெட்டுப்படாததால் தோன்றினேன் என்று தள்ளியிருக்கிறார்கள். மடுவத்தில், ரோட்டுக்குக் குறுக்கே ட்ரக்டர் கிடக்க, பகல் நிறுவை தொடங்கிக்கொண்டிருந்தது. அம்மா வரிசையில் முதலாவதாக நின்றாள். என் முகத்தை அங்கிருந்தே பார்த்துவிட்டாள். என்ன என்று தலையை அசைத்துக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா திரும்பித் தராசைப் பார்த்தாள். அழகன் ஐயா சாக்கைக் கொளுவிக் கிலோவைச் சொன்னார். வழக்கம்போல வெட்டினார்.

"ஈரம் எங்கய்யா?" என்றாள் அம்மா.

அழகன் ஐயாவின் கை நின்றது. முதலில் ரோட்டின் கீழ்ப்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மேல்பக்கம். கரவன் இல்லை. பின்னால் பெண்கள் சாக்கை இறக்கிப் போட்டு அதன்மேல் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி படங்கை விரித்தாள். ஃபெக்டரிப் பக்கமிருந்து பெரிய துரையின் ஜீப் ஏறி வந்து, ட்ரக்டருக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. யாரும் எழும்பவில்லை.

அழகன் ஐயா குரலைத் தாழ்த்தினார்.

"நாகலெட்சுமி, இன்னைக்கு யாருக்கு இன்டர்வியூ?"

"இன்னைக்கு எங்களுக்குங்க" என்றாள் அம்மா. "தராசில இருந்து கைய எடுங்க. முதல்ல நேத்துப் போட்ட அரைப்பேரப் பத்திப் பேசுவோம்."